உலகஞ்சுத்தி பஸ் ஏறினார்

பாலைவனத்தைச் சைக்கிள் மிதித்தே கடந்தவர், மலைப் பாதையில் அந்தச் சைக்கிளைத் தோளில் சுமந்து ஏறியவர், கடல் மாதிரி கிடந்த ஓர் ஏரியைத் துடுப்பு போட்டே தாண்டியவர், பஸ் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து நின்றார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நின்றார். பஸ் நிலையத்தின் கழிப்பறைக்கும் தண்ணீர் பாட்டில் கடைக்கும் நடுவே, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, திருட வந்தவர் போல நின்றார். ஒரு பஸ் போய்விட்டது. அடுத்தது உறுமிக்கொண்டிருந்தது.

காலையில் தன் சைக்கிள் கடையில் உட்கார்ந்து கோணிப்போன ஒரு சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா மகள் போன் செய்தாள்.

“மாமா, அம்மாவுக்கு இதயத்துல ஆபரேஷன். சாயங்காலம் உள்ள கொண்டுபோறாங்க. உங்களைக் கூப்பிடச் சொல்லி அம்மா சொல்லல. நானாத்தான் கூப்பிடறேன். வருவீங்களா?”

“வர்றேம்மா.”

“எப்படி வருவீங்க?” என்று கேட்டாள். சைக்கிளில் கிளம்பினால் நாளை மறுநாள்தான் வந்து சேர முடியும் என்பது அவளுக்கும் தெரியும்.

“வந்துடறேன்,” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். சக்கரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து எடுத்தார். அந்த மறதிக்கு அக்காவின் இதயம் பாதிக் காரணம், பஸ் பாதிக் காரணம். இருபது வருஷத்துக்கு மேலாக இன்ஜின் வைத்த எதிலும் அவர் ஏறியதில்லை. அது பெரிய வைராக்கியம் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. வைராக்கியமாவது, மண்ணாங்கட்டியாவது. அது என்ன என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

உலகஞ்சுத்தி என்பது ஊர் வைத்த பெயர். அதற்கு முன்னால் அதே ஊர் அதே வாயால் அவரை ஊர்சுத்தி என்று ஏசிக்கொண்டிருந்தது. படிப்பு ஏறவில்லை, எந்த வேலையிலும் கால் தரிக்கவில்லை, எந்நேரமும் சைக்கிளும் கையுமாகத் திரிந்தார். “அப்பன் பஸ்ஸை ஓட்டறான், பையன் பொழுதை ஓட்டறான்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அப்பா பஸ் டிரைவர்.

டிரைவர் வீட்டுப் பிள்ளைக்கு பஸ் ஒத்துக்கொள்ளாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். டீசல் வாடை மூக்கில் ஏறினாலே குடல் புரண்டுவிடும். பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பா ஓட்டும் பஸ்ஸிலேயே முன்சீட்டில் உட்கார்ந்து, அப்பா முதுகிலேயே ஒரு முறை வாந்தி எடுத்தார். டெப்போவில் அப்பாவின் கூட்டாளியான கட்டை டிரைவர் சிரித்துச் சிரித்து மாய்ந்துபோனார். “மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக்கொடுக்கணுமாம்பாங்க. இந்த மீன் குஞ்சு தண்ணியைக் கண்டாலே வாந்தி எடுக்குதே!” அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த வாரமே பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, “இனிமே இதுல போ. மெதுவாப் போனாலும் சுத்தமாப் போய்ச் சேருவே,” என்றார். பிள்ளை மெதுவாகத்தான் போக ஆரம்பித்தது. அப்புறம் நிறுத்தவேயில்லை.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பஸ்ஸை எடுத்தபிறகு பக்கக் கண்ணாடியில் யாராவது ஓடி வருவது தெரிந்தால் நிறுத்திவிடுவார். கண்டக்டர் கத்துவார், உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். “ஓடி வர்றவனை விட்டுட்டுப் போனா சோறு எறங்காதுப்பா,” என்பார். ஓடி வருகிறவர்கள் அவரை நம்பி மெதுவாகவே ஓடி வருவார்கள் என்று டெப்போவில் கேலி உண்டு.

பிள்ளை வளர்ந்து, ஒரு கடற்கரையிலிருந்து புறப்பட்டு, கண்டத்தைக் குறுக்கே தாண்டி, சொந்த ஊர்க் கடற்கரையில் வந்து முடிப்பதாகப் பெரும் பயணம் கிளம்பியது. உடம்புதான் இன்ஜின், நடக்கலாம், மிதிக்கலாம், துடுப்பு போடலாம். இப்படிப் போகிறவர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். புறப்பட்ட இடத்திலிருந்து முடிக்கிற இடம் வரைக்கும் சொந்த உடம்பால் கடந்த கோடு எங்கேயும் அறுந்துபோகக் கூடாது. அதற்காகச் சாகச் சொல்லவில்லை. நோய் நொடி என்றால் நின்ற இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு எந்த வண்டியிலும் போகலாம். திரும்பி வந்து அதே அடையாளத்தில் கால் வைத்துத் தொடர்ந்தால் கோடு கோடுதான். அவரே ஒரு முறை அப்படிச் செய்திருக்கிறார். பல்வலி. சாலையோரக் கல்லில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு பல் டாக்டரிடம் போய், பிடுங்கிக்கொண்டு வந்து, அந்த வட்டத்திலிருந்தே மறுபடி மிதித்தார். ஒரு சொத்தைப் பல்லுக்காக.

ஊருக்கு இன்னும் ஒன்றரை நாள் தூரம் இருந்தபோது அக்கா போனில் அழுதாள். “அப்பாவுக்கு முடியலடா. உன்னையேதான் கேட்டுக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் வா.” வருகிறேன் என்று சொல்லி மிதித்தார். நிஜமாகவே உயிரைக் கொடுத்து மிதித்தார், அதில் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலை எதிரே வந்த பஸ் ஒன்று ஓரங்கட்டி நின்றது. கட்டை டிரைவர் தன் சீட்டிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

“ஏறுடா. வண்டியைத் திருப்பிடறேன். பயணிங்ககிட்டப் பேசிட்டேன், எல்லாரும் சரின்னுட்டாங்க. சைக்கிளைத் தூக்கி மேல போடு.”

ஜன்னல்களிலிருந்து முகங்கள் எட்டிப் பார்த்தன. ஒருவர் சைக்கிளைத் தூக்க இறங்கியே வந்துவிட்டார். சிவப்புப் பெயிண்ட் டப்பா பையில்தான் இருந்தது.

“இல்ல மாமா. இன்னும் கொஞ்ச தூரம்தான். வந்துடுவேன். அப்பா இருப்பாரு.”

“டேய், அவர் கேட்கறாருடா.”

“அப்பா காத்திருப்பாரு மாமா. அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

ஏன் அப்படிச் சொன்னார்? அன்று மாலை ஊர் எல்லையில் வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. டிவிக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முடிவுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து, கல்லில் வட்டம் போட்டுவிட்டு பஸ்ஸில் போய் இறங்க மனம் ஒப்பவில்லை. பிறகு திரும்பி வந்து, கூட்டம் கலைந்த சாலையில், கேமரா இல்லாமல் மிச்சத்தை மிதிக்கவும் மனம் ஒப்பவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று கிடைக்குமா என்று இருபது வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டார். கிடைக்கவில்லை.

ஊர் எல்லையில் பூங்கொத்தும் கைதட்டலுமாகத்தான் இருந்தது. கூட்டத்தில் ஒருவர் நெருங்கி வந்து காதில் சொன்னார். அப்பா மத்தியானமே போய்விட்டாராம். அந்த நிமிஷத்தில் எடுத்த போட்டோதான் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

“கண்ணைத் தொறந்து, ‘எதுல வர்றான்?’னு கேட்டாரு. ‘சைக்கிள்ல வர்றான்ப்பா’ன்னு சொன்னேன். ‘அப்ப நேரமாகும்’னாரு. அதுதான் கடைசியாப் பேசினது,” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஊர் இதைக் கேட்டுக் காறித் துப்பியிருக்க வேண்டும். நியாயம் அதுதான். ஆனால் ஊர் என்ன செய்தது தெரியுமா? தூக்கி வைத்துக் கொண்டாடியது. பெற்ற தகப்பன் சாகக் கிடந்தபோதும் கொண்ட கொள்கையிலிருந்து இம்மி பிசகாதவன் என்று எழுதினார்கள். பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். முதலில் வரவேற்புரை சொல்கிறவர்கள்தான் அந்தக் கதையைச் சொன்னார்கள். இவர் தலையைக் குனிந்துகொள்வார், அது அடக்கம் என்று அதற்கும் கைதட்டுவார்கள். பின்னால் ஒரு நாள், ஒரு விழாவில் கூட்டம் தூங்கி வழிவதைப் பார்த்து, அவரே தன் வாயால் சொன்னார். குரல் சரியான இடத்தில் உடைந்தது. மண்டபமே எழுந்து நின்றது. கைதட்டல் ஓய்ந்து பார்த்தால், கடைசி வரிசையில் அக்கா. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியிலிருந்து எல்லோரையும் அந்த விழாவுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அத்தனை பேர் நிற்க, அவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, அவர் பக்கம் திரும்பாமலேயே வெளியே போனாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

அதற்குமேல் அவர் மேடை ஏறவில்லை. வேறு ஊருக்குப் போய்க் கடை வைத்தார். ஆனால் வண்டி ஏறாத பழக்கத்தை மட்டும் விடவில்லை. எப்படி விடுவது? அப்பாவின் உயிருக்கு ஏறாத கால், ரிம்மும் ட்யூபும் வாங்கச் சந்தைக்குப் போக ஏறினால் அது என்ன கால்? ஒரே ஒரு முறை ஏறிவிட்டாலும், அன்றைக்கும் ஏறியிருக்கலாம் என்று ஆகிவிடும். ஏறாத வரைக்கும், ‘நான் அப்படிப்பட்ட ஆள், என்னால் ஏற முடியாது’ என்று ஒரு போர்வையாவது இருந்தது. மானத்தை மறைக்க அவரிடம் இருந்தது அந்த ஒற்றைப் போர்வைதான்.

பஸ் நிலையத்தில் கண்டக்டர் அவரைப் பார்த்துக் கத்தினார். “பெரியவரே, வர்றீங்களா, வழியனுப்ப வந்தீங்களா?”

ஏறினார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஊர் தாண்டுவதற்குள் வயிறு தன் பழைய வேலையை ஆரம்பித்துவிட்டது. வேகம் அவரைத் திகைக்க வைத்தது. அரை மணி நேரம் மிதிக்கிற தூரம், இரண்டு பாட்டு முடிவதற்குள் பின்னால் போய்விடுகிறது. இவ்வளவு சுலபமா? இவ்வளவு சுலபமா என்று மனதுக்குள் கேட்டுக் கேட்டு, வாந்தியோடு அழுகையும் தொண்டைக்கு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண்மணி பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். பாதி பையில் விழுந்தது, மீதி சட்டையில்.

பின்சீட்டு ஆசாமி எட்டிப் பார்த்தார். “ஐயா, நீங்க அந்த உலகஞ்சுத்தி தானே? எங்க ஸ்கூலுக்கு வந்து பேசினீங்களே!”

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. “ஆமா,” என்றார்.

“பஸ்ல வர்றீங்க? என்னங்கய்யா, சைக்கிள் பஞ்சரா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். கையில் வாந்திப் பையோடு அவர் அந்தப் படத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொப்பியை இறக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பச்சைத் திரை போட்ட அறையில் அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. தோடு, வளையல் எல்லாம் கழற்றியாகிவிட்டது. அக்கா மகள் அவரைக் கண்டதும் எழுந்து நின்று, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சட்டையில் இருந்த கறையைக் கையால் மறைத்துக்கொண்டு அவர் கட்டில் காலருகே போய் நின்றார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எதுல வந்தே?”

அப்பா கேட்ட அதே கேள்வி. அக்கா தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் வந்ததா என்று அவருக்குப் புரியவில்லை.

“பஸ்லக்கா.”

“சட்டைல என்ன?”

“வாந்தி.”

அக்காவின் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்புதான். “இன்னும் அது நிக்கலியா உனக்கு? அப்பா முதுகு பட்ட பாடு...” என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மகளிடம் கையை நீட்டி ஈரத் துணியை வாங்கினாள். “கிட்ட வா,” என்றாள். அவர் குனிந்தார். சட்டைக் காலரை, மார்பை, பொத்தானைச் சுற்றி இருந்ததை, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போலத் துடைத்துவிட்டாள். அவர் அசையாமல் குனிந்தபடியே இருந்தார். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தார். அப்படி நினைத்த ஆறுதலில் கண் நிரம்பியது.

இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு வந்து அக்காவைத் தூக்கி மாற்றினார்கள். அவர் ஒரு பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் அக்கா கூரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கதவருகே, இதற்குமேல் வரக் கூடாது என்று அவரை நிறுத்தியபோது, தலையை மட்டும் திருப்பினாள். கோபமே இல்லாத குரலில், வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பது போலக் கேட்டாள்.

“அன்னிக்கும் பஸ் ஓடிச்சு தானேடா?”

கம்பியை விட்டார்.

“ஓடிச்சுக்கா,” என்றார்.