பெரியவர் கை பட்டால் சைபர்

நேர்மையான மனிதனோடு முப்பது வருடம் சிநேகிதமாக இருப்பது லேசான காரியமில்லை. நான் றேமண்டோடு இருந்தவன். அதனால் சொல்ல உரிமை இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் அவன் வீடு. துறைமுகப் பட்டறையில் பாரந்தூக்கிகளுக்கு மின்வேலை பார்த்தான். நான் அதே பட்டறையில் ஸ்டோர்ஸ் கிளார்க். அங்கே அவன் கற்ற பாடம் ஒன்றுதான்: வயர் கருகும் மணம் வந்தால் முதலில் மெயின் சுவிட்சை இழு, பிறகு கதை. இழுக்கத் தாமதித்த ஒருவனின் சவப்பெட்டியை அவன் தோளில் சுமந்திருக்கிறான். ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. கோயிலுக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு வருவான். மீன் நாறிப்போய் அவன் மனைவி யூஜினா கத்துவாள்.

அப்படிப்பட்டவனைத்தான் பாடசாலை ரோபோ போட்டிக்குத் தலைமை நடுவராகப் போட்டார்கள். அவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நேரம் பார்ப்பது என் வேலை.

முதல் வருடம் நாங்கள் கண்டது கேவலம். பெரிய பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் கைகட்டி நின்றார்கள், இஞ்சினியர் அப்பாமார் ஸ்குரூட்ரைவரோடு போட்டியிட்டார்கள். றேமண்டுக்குக் கொதித்தது. அன்றிரவே விதி எழுதினான்: சுற்று தொடங்க ரோபோவை மேசையில் வைத்தபின் எந்தப் பெரியவர் கை பட்டாலும் அந்தச் சுற்றுக்குச் சைபர். ஏன், எதற்கு என்ற பேச்சில்லை. விதிவிலக்கு ஒன்று வைப்போம் என்று சொன்னேன். “ஓட்டை வைச்சால் அதுக்குள்ளால அப்பாமார்தான் வருவினம்” என்றான். அதுவும் உண்மைதான்.

ஆனால் அந்த விதியில் முதலில் மாட்டியது இஞ்சினியர் அப்பா இல்லை, மட்டக்குளிப் பள்ளிக்கூடமொன்றின் நப்லா டீச்சர். மாணவனின் ரோபோச் சில்லில் ஒட்டியிருந்த நூலை விரலால் எடுத்துவிட்டார். சைபர். பையன் அழுதான். இரண்டு வருடம் கழித்து அவரே புள்ளி பதியும் நடுவராக எங்களோடு வந்து சேர்ந்தார்.

அந்த வருடம்தான் றஷ்மி வந்தாள். கிராண்ட்பாஸ் பிள்ளை, தகப்பன் திரீவீல் ஓட்டுகிறவர். முதலிடம் பெறும் ஒருவருக்குத் தனியார் நிறுவனமொன்றில் நான்கு வருட இஞ்சினியரிங் படிப்பு இலவசம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டுந்தான் போட்டி. அவளுக்கோ பாடசாலையில் அது கடைசி வருடம். இது கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் வேலை என்று தகப்பன் சொல்லிவிட்டாராம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, இருப்பதைத்தான் சொன்னார்.

வெள்ளவத்தை மண்டபத்தில் போட்டி. இரண்டு சுற்று முடிய அவள் முன்னணியில் இருந்தாள். மூன்றாம் சுற்றுக்கு ரோபோவை மேசையில் வைத்தாள். நான் விசில் ஊதப் போனேன். அப்போது கருகல் மணம். பற்றரி வயரில் மெல்லிய புகை. றேமண்டின் கை போனது. பற்றரி பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

ஒரு விநாடிதான். சபை முழுவதும் மேடைத் திரையில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. றஷ்மி பதறாமல் வயரைத் தானே வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினாள். ரோபோ ஓடியது. தூக்கி வைக்கவேண்டிய பெட்டிகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. மண்டபம் எழுந்து கைதட்டியது.

றேமண்டின் முகம் வெளிறியிருந்தது. நடுவர் அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினான்.

“நான் தொட்டனான்” என்றான்.

“ஒருத்தரும் காணேல்ல. பேசாம இரு” என்றேன்.

“நான் கண்டனான்தானே.”

நப்லா டீச்சர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “சேர், நீங்க அந்தப் புள்ளைக்கு உதவி செய்யல்ல. நெருப்பத்தான் நிப்பாட்டினீங்க. ரூல் போட்டது அதுக்கா?”

“ரெண்டு வருசத்துக்கு முந்தி உங்கட பொடியனுக்குச் சைபர் போட்டனான், டீச்சர். ஒரு நூலுக்கு. இண்டைக்கு என்ர கை எண்டவுடன விட்டால், அவன்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?”

“எங்கட புள்ளைக்குச் செஞ்சது அநியாயம், சேர். அதே அநியாயத்த இன்னொரு புள்ளைக்கும் செஞ்சா நியாயமாகிடுமா?”

திரும்ப ஓடவிடலாம் என்றார் டீச்சர். “உங்கட பொடியனுக்கு ரீ-ரன் குடுத்தனாங்களோ?” என்றான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேரில் இருவர் சொன்னால் முடிவு.

டீச்சர் சொன்னதுதான் சரியென்று எனக்குத் தெரியும். ஆனால் பட்டறையில் ஒருநாளும் நான் றேமண்டை எதிர்த்து நின்றதில்லை. அவன் பக்கம் நின்றால் பிழை வராது என்ற பழக்கம். கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் நினைக்க வெட்கமாக இருக்கிறது.

றஷ்மி மூன்றாமிடம். முதலிடம், ஏற்கெனவே வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருந்த ஒரு பையனுக்குப் போனது.

அதற்குப் பிறகு றேமண்ட் சரியாகச் சாப்பிடவில்லை, நித்திரையில்லை. இரண்டு மாதத்தில் தானே எழுதிக்கொண்டு போய் விதியைத் திருத்தினான்: ஆபத்து என்றால் நடுவர் மின்சாரத்தை நிறுத்தலாம், புள்ளி குறையாது. செயற்குழு ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்தை அன்றைக்கு ஏன் செய்யவில்லை என்று என்னிடம் கேட்டான்.

விதி மாறியதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராண்ட்பாஸுக்கு, றஷ்மி வீட்டுக்குப் போனோம். தாய் பிளேன்டீ கொடுத்தார், ஒரு குறையும் சொல்லவில்லை. றஷ்மி வேலையால் வந்தாள். வெள்ளவத்தைப் புடைவைக் கடையொன்றின் சீருடை, கழுத்தில் பெயர் அட்டை.

“பிள்ளை, அந்த ரூலை மாத்தீட்டம்” என்றான் றேமண்ட். “இனி ஒருத்தருக்கும் அப்பிடி நடக்காது.”

“நல்லது அங்கிள்” என்றாள். மரியாதைக்குறைவு இல்லை, கோபங்கூட இல்லை. கொஞ்ச நேரம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“நீங்க அண்டைக்கு எரிய விட்டிருக்கலாம், அங்கிள். எரிஞ்சிருந்தா நான் வயர் போட்டது பிழை, அதாலதான் தோத்தனெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன்.”