பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு தறப்பாள்

காலை 6.10க்குக் கேகாலையில் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, 9.20க்குத் தெரணியகலையில் இறங்கினேன். விடாத மழை. நிவாரண நிறுவனமொன்றின் கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை. பொருள் எங்கே காணாமல் போகும், யார் இரண்டு தடவை வாங்குவார் என்று முன்கூட்டியே சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். மண்சரிவுக்குப் பின், மழைக்குக் கூரைமேல் விரிக்க நாங்கள் அனுப்பிய நீலத் தறப்பாள்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்க வந்திருந்தேன்.

தோட்டம் ஒன்பது கிலோமீட்டர் மேலே. ஆட்டோக்காரர் சிவா 1,800 ரூபாய் கேட்டார். ஏழாவது கிலோமீட்டரில் பாதி ரோட்டைக் காணோம்.

"ஹரி மிஸ், இதுக்கு மேல வண்டி போகாதுங்க. நடந்துருவோம்."

11.40. தொழிலாளர் லயம்: ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. கூரைத் தகரம் பாதி இல்லை. ஒவ்வொரு காம்பராவிலும் துவாய் அகலத்தில் நீலத் தறப்பாளின் ஒரு துண்டு.

"ஒண்ணுதாங்க வந்துச்சு. வெட்டிப் பிரிச்சிக்கிட்டோம்," என்றாள் கொழுந்து பறிக்கும் செல்வமேரி. தோளில் இரண்டு மாதக் குழந்தை இருமிக்கொண்டிருந்தது. "ஆபீசுல யாரோ எங்கள கள்ளப் பேருன்னு வெட்டிட்டாங்களாம். நாங்க என்னங்க கள்ளம் பண்ணோம்?"

பட்டியலைப் பிரித்தேன். பன்னிரண்டு பெயர், பதினொன்றின் மேல் சிவப்புக் கோடு. ஒரே முகவரியில் இரண்டாவது பெயர் வந்தால் மோசடி, நீக்கு: அந்த விதியை எழுதியவள் நான். லயத்தில் கதவுக்கு இலக்கம் ஏது? தோட்டத்தின் பெயரும் லய இலக்கமும்தான் எல்லாருக்கும் முகவரி. கொழும்பில் உட்கார்ந்து இதை யோசிக்க எனக்குத் துப்பில்லை.

"அது நான்தான்," என்றேன்.

அவள் திட்டவில்லை. "அப்ப நீங்களே மறுபடி எழுதலாந்தானே மிஸ்? இன்னைக்கு வந்துருமா?"

மூன்று கடையில் விலை கேட்பது, ஒப்புதல், லொறி என்று பதினைந்து நாளாகும். சொன்னேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டால் அனலாய்க் கொதித்தது. சிவா வாங்கித் தூக்கிக்கொள்ள, சேற்றில் இறங்கி ஓடினோம்.

பிற்பகல் 2.30. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். பஜாரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். தறப்பாள் தீர்ந்திருந்தது.

விடைபெறும்போது செல்வமேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வராட்டி புள்ள என்னாயிருக்குமோ. நல்லா இருக்கணும் மிஸ்."

இரவு கொழும்பில் என் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் திறந்தேன். கதவில் 14/3 என்று பித்தளை இலக்கம். செல்வமேரி செய்த கள்ளம், இப்படி ஓர் இலக்கம் இல்லாத கதவுக்குள் பிள்ளை பெற்றதுதான்.