கண்மாய்க்குள் ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் ஊருக்கு உயர்நிலைப்பள்ளி வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கக் காரைக்குடிக்கு பஸ் ஏறிய முதல் பெண் நான்தான். என் வீட்டில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கூட இல்லை. இப்போது யூனியன் ஆபீசில் டைப்பிஸ்ட்.

பள்ளிக்கு இடம் பார்க்கக் கிளம்பிய அதிகாரி, என் ஊர் என்பதால் என்னையும் குறிப்பெழுதக் கூட்டிப்போனார். ஊர் பார்க்க ஜீப்பிலிருந்து இறங்கியது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

ஊர்த் தலைவரான அம்பலம், எனக்குப் பெரியப்பா முறை, காட்டிய இடம் கண்மாய்க்குள் இருந்தது. சில வருஷமாகச் சரியான மழை இல்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது ரோட்டோரத்துப் பொட்டல்.

"நிலம் என்ன வகை?" என்றார் அதிகாரி.

"தரிசுங்க."

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பொய்யென்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்காகச் சொன்ன பொய்.

"தரிசுன்னு எழுதிக்கம்மா."

எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதையும் கட்டலாம். உள்வாய் என்று எழுதினால் ஒரு கல்லும் ஊன்ற முடியாது. கண்மாய் நிறையும்போது தண்ணீர் ஏறி நிற்கும் இடம்தான் உள்வாய். ஆபீசில் நாள் முழுக்க இந்தச் சொற்களைத்தான் தட்டுகிறேன்.

"சார், இது தரிசு இல்ல. உள்வாய்."

"ஒன்னைய யாருத்தா கேட்டா?" என்றார் பெரியப்பா.

பக்கத்து வீட்டுச் சின்னம்மா விடவில்லை. "இவ படிச்சு முடிச்சிட்டா. இனிமே ஊருல எவளும் படிக்கக் கூடாதாக்கும்!"

"அப்பன் வயலுக்குத் தண்ணி பாயணும்ல, அதான்" என்றது ஒரு குரல். அப்பா கூட்டத்தில்தான் நின்றார்.

"எங்க வயலுக்கு மட்டுமா பாயுது? கண்மாய் பெருகுனா என்ன செய்வீக பெரியப்பா? புள்ளைக முங்காம இருக்கக் கரைய வெட்டி விடுவீகளா? வெட்டிட்டு எந்தத் தண்ணிய வச்சு நடுவீக?"

"பள்ளிக்கூடத்துல நீச்சலும் சொல்லிக்குடுக்க வேண்டியதுதான்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"வேற இடம் காட்டுங்க. இல்லேன்னா பள்ளிக்கூடம் அடுத்த ஊருக்குப் போயிரும்."

நான் ஆசைப்பட்டதை நானே விரட்டிவிட்டேனோ? பெரியப்பா ரோட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"ரோட்டுக்கு அங்குட்டு, மேட்டுல நம்ம செம்பாறைக் காடு கெடக்கு. எதை வெதச்சாலும் மொளைக்காது. எடுத்துக்கங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒன் மேல கோவம்தான், ஆத்தா. அது வேற."

'கண்மாய் உள்வாய், கட்டடத்துக்கு உகந்ததல்ல' என்று எழுதி, அடுத்த வரியில் மேட்டு நிலத்தைக் குறித்தேன். ஜீப்பருகே வந்த அப்பா, "உள்ளதத்தானத்தா சொன்ன" என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பள்ளி மேட்டில் வந்தது. சின்னம்மா மகள் முதல் வருஷமே சேர்ந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சின்னம்மா சொல்வாள்: "ஒன்னாலதான்டி எம்மக தெனமும் அந்த மேட்டுல மூச்சு வாங்க ஏறுறா."

"ஏறட்டும் சின்னம்மா" என்பேன்.