அத்தையின் கடைவாய்ப் பல்

பல் டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்பும் ஈர அச்சில், கல்லாக இறுகும் கல்மாவைக் கரைத்து ஊற்றிப் பல்லின் நகல் செய்வதுதான் மாமாவின் வேலை. அந்த நகலை வைத்துத்தான் உடைந்த பல்லுக்கு மேல் மாட்டும் கேப் தயாராகும். தண்ணீர் ஒரு சொட்டு கூடினாலும் மாவை வீசிவிடுகிற மகான் அவர்.

அத்தைக்குக் கடைவாய்ப் பல் உடைந்து, இரண்டு வாரமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். அவள் அச்சு வந்ததும், பொண்டாட்டி பல்லாயிற்றே என்று மாமா தராசைத் துடைத்தார், மாவை மூன்று முறை எடைபோட்டார், மறுபடி துடைத்தார். அதற்குள் அச்சு காய்ந்து சுருங்கிவிட்டது. அதில் ஊற்றிச் செய்த கேப் பல்லில் உட்காரவில்லை.

“உன் பல்லுதான் கோணல்.”

“ஆமாங்க, வாயையே மாத்திட்டு வரேன்!”

அடுத்த அச்சு வந்த நிமிஷமே ஊற்றினார். கேப் கச்சிதமாக உட்கார்ந்தது. “கடிச்சுக் காட்டு” என்று விரலை நீட்டினார். இரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் கடித்தாள் அத்தை. மாமா அலறி முடித்து, விரலில் பதிந்த தடத்தை வெளிச்சத்தில் பார்த்து, “அளவு சரி” என்றார்.