மூன்றாம் முறை நீட்டிய கரண்டி

என் ஓரகத்தி கிம்-லியென் யார் எதைக் கொடுத்தாலும் சட்டென்று வாங்க மாட்டாள். தைவானின் தைனானில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். முதல் தடவையோ இரண்டாம் தடவையோ கை நீட்டினால் காணாததைக் கண்டவள் என்று பேசுவார்கள். ஆனாலும் இவள் பிடிவாதம் தனி ரகம். எனக்கு மூத்தவன் பிறந்தபோது பக்கத்து வீட்டுக்காரி ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று இவள் தள்ள, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அவள் தள்ள, கோழி கட்டை அறுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டது. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் இஞ்சி போட்ட கோழிச் சாறு கொடுப்பார்கள்; நான் கோழியில்லாத இஞ்சிச் சாற்றைக் குடித்தேன்.

கோயிலை ஒட்டி இரண்டு பேரும் மீன் கஞ்சிக் கடை நடத்தினோம். முள் எடுப்பது அவள் வேலை, வாயாடுவது என் வேலை. புருஷன்மார் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தோம். அப்புறம் மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு என் பெயரை, கடைசியில் பேச்சையே மறந்தாள். இப்போது முதியோர் இல்லத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறாள். தினமும் மத்தியானம் நான்தான் போய் ஊட்டிவிடுகிறேன்.

போன வாரம் ஹுய்-ரோங் என்ற உளவியல் நிபுணர் அவளைச் சோதிக்க வந்தாள். நோய் முற்றியவர்களுக்கென்றே உள்ள சோதனை அது. தேதி, கணக்கு எதுவும் கேட்க மாட்டார்கள். கூப்பிட்டால் திரும்புகிறாளா, கை கொடுக்கிறாளா, கரண்டியைக் கொடுத்தால் என்ன செய்கிறாள், இவ்வளவுதான். ஒன்றுமே தேறாவிட்டால் மூன்றாம் மாடிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே உறவுக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுவார்கள்.

ஹுய்-ரோங் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், இவள் திரும்பவில்லை. கையை நீட்டினாள், இவள் சுவரைப் பார்த்தாள். ஒரு கிண்ணம் டோஃபு பாயசத்தை முன்னால் வைத்துக் கரண்டியை நீட்டியதும் கிம்-லியென் அதைத் தள்ளிவிட்டாள். மறுபடி நீட்டினாள். இவள் மறுபடியும் தள்ளினாள். விதிப்படி இரண்டு தடவைதானாம். ஹுய்-ரோங் பூஜ்ஜியம் போட்டாள்.

எனக்குச் சுருக்கென்று உறைத்தது. நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

"நீ எந்த ஊரும்மா?"

"இதே ஊர்தாங்க. ஏன்?"

"உங்க வீட்ல ரெண்டாவது தடவையே வாங்கிடுவீங்களோ?"

அவள் சிரித்தாள். அப்படியே சிரிப்பு பாதியில் நின்றது. கை தானாகத் தள்ளியிருக்கலாம், அதற்காக மதிப்பெண் போட முடியாது என்று இழுத்தாள். "கையா தள்ளுது? அவ மரியாதைதான் தள்ளுது," என்று நான் சண்டைக்கே போய்விட்டேன்.

ஹுய்-ரோங் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "புத்தகத்துல ரெண்டுதான் இருக்கு. மூணாவதை நானே எழுதிக் கையெழுத்துப் போடுறேன்," என்றவள் எழுந்து நின்று, விருந்துக்கு வந்தவள் மாதிரி கரண்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். "உங்களுக்குன்னே கொண்டுவந்தேன். வாங்கிக்கலைன்னா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்மா."

கிம்-லியென் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தலை குனிந்து, இரண்டு கையாலும் கரண்டியை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் சும்மாவும் இருக்கவில்லை. சரியான பக்கமாகப் பிடித்து, பாயசத்தில் விட்டு, சிந்தாமல் அள்ளினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹுய்-ரோங்கின் பேனா ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! "இவங்க இந்த மாடியை விட்டு எங்கயும் போக மாட்டாங்க," என்று எழுதிக்கொண்டே சொன்னாள்.

அள்ளிய கரண்டியைக் கிம்-லியென் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என் பக்கம் நீட்டினாள். ஒரு வருஷமாகப் பேசாத வாய் திறந்தது.

"சாப்பிடு. கூச்சப்படாத."

வேண்டாம் என்று ஒரு தடவைகூட மறுக்காமல் நான் வாயைத் திறந்தேன்.