கல்லறைத் தோட்டத்து ஊசிக்காரி

ஊரில் அவளை ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கால்நடை ஆஸ்பத்திரியில் நாய்க்கும் மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். கல்லறைத் தோட்டத்தில் மான்கள் பெருகிப்போனதும், அவற்றுக்குத் துப்பாக்கி வழியாகக் கருத்தடை ஊசி போடும் வேலைக்கு வந்தாள். கல்லறையில் வைத்த பூ வாடுவதற்குள் மான் வயிற்றுக்குள் போய்விட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? பாதி ஊர் சுட்டுத் தள்ளச் சொன்னது, மீதி ஊர் கூடாதென்றது. நகராட்சி இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஒரு நிபந்தனை போட்டது. மான் மேல் பட்டு உதிரும் ஊசியெல்லாம் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். ஒன்று வெளியாள் கண்ணில் பட்டாலும் ஊசிக்கு முழுக்கு, மான்களுக்குத் தோட்டா.

அன்று காலை காது கிழிந்த பெண் மானின் தொடையில் ஊசி சரியாகப் பட்டது. மான் மிரண்டு ஓடியது. ஊசியைக் காணோம்.

வரிசை வரிசையாகக் குனிந்து தேடினாள். வாசலில் அவள் அண்ணன்தான் காவல்காரர். பூட்டிய கம்பிக் கதவுக்கு வெளியே ரோஜாக்களோடு டீச்சர். புருஷனைப் புதைத்த நாளிலிருந்து தினமும் வருகிறவர், மான்களைச் சுடச் சொல்வதில் முதல் ஆள்.

"சாவியத் தேடுற மாதிரி எவ்வளவு நேரம் நடிக்கிறது? டீச்சர் முறைக்கிறாங்க." அண்ணன் போனில் கிசுகிசுத்தார்.

"கொஞ்சம் தாக்குப்பிடிண்ணா."

தாக்குப்பிடிக்க முடியாமல் அண்ணன் கதவைத் திறந்தார். டீச்சர் நேரே புருஷன் கல்லறைக்குப் போய் சருகைத் தள்ளக் குனிந்தார். சருகுக்குள் ஊசியின் சிவப்புக் குஞ்சம். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் ஒருவேளை அவர் கண்ணில் படாமலே போயிருக்கும். ஆனால் முனையில் மருந்து மிச்சமிருந்தால்?

"கைய எடுங்க டீச்சர்."

டீச்சர் ஊசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீ பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

"குத்தியிருக்குமே டீச்சர்."

"நகராட்சிக் கூட்டத்துல கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

கேட்டார்கள். டீச்சர் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தன் கையைக் காப்பாற்றியது அவள்தான் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்தப் புண்ணியவான்கள் முதல் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டார்கள்.

நகராட்சி அதிகாரி காவல் அறைக்கு வந்து நீளப் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்தார். உள்ளே நிஜத் துப்பாக்கி.

"குறி தப்பாத ஆளு நீதாம்மா. நீ மாட்டேன்னா வேட்டைக்காரங்கள விட்டுடுவோம்."

"மாட்டேன்னு சொல்லிட்டு வா," என்றார் அண்ணன்.

வேட்டைக்காரர்கள் லட்சணம் அவளுக்குத் தெரியும். அவர்கள் சுட்ட மானுக்கு ஆஸ்பத்திரியில் தையல் போட்டிருக்கிறாள்.

"அவங்க சுட்டா காயத்தோட ஓடிப் புதர்ல கெடந்து சாகும்ணா. நான் சுட்டா ஓடாது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே காது கிழிந்த மான் டீச்சரின் ரோஜாவைத் தின்றுகொண்டிருந்தது.