விமான நிலையத்துக்கு வந்த சபை

ரொறன்ரோவில் போதகராக இருந்த முதல் ஆண்டுகளில் என் பிரசங்கத்தைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. ஸ்காபரோவில் ஓர் ஆங்கிலச் சபையார் தங்கள் ஆராதனை முடிந்தபின் நிலக்கீழ் மண்டபத்தை எங்களுக்குத் தருவார்கள். ஞாயிறு பிற்பகல் இருபது குடும்பங்கள் அளவில் கூடுவோம். நான் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முன்வரிசை ஆண்கள் கண்களை மூடிக்கொள்வார்கள். தலைகள் மெல்லச் சாயும். யாழ்ப்பாணத்தில்கூட இப்படி ஊன்றிக் கேட்கிற சபை எனக்கு வாய்க்கவில்லை. அந்த உற்சாகத்தில் பிரசங்கத்தை இன்னும் நீட்டினேன்.

ஒஷாவாவிலிருந்து வான் ஓட்டி வரும் அண்ணை ஒருவரிடம் இதை வாய்விட்டே சொன்னேன். "நீங்கள் கண்ணை மூடித் தியானிக்கிறதைப் பாக்க எனக்கு ஒரு பெலன் வருது, அண்ணை."

அவர் நெளிந்தார். "குறை நினையாதேங்கோ, பாஸ்டர். சனி இரவு எனக்கு வேலை. விடிய முடிச்சுக் கொஞ்சம் கண்ணயர்ந்திட்டு வாறன். மற்ற அவையளும் அப்பிடித்தான்."

வீட்டில் படுத்து நித்திரை கொள்ள வேண்டிய மனிதர்கள், குளிரில் வந்து என் முன்னால் இரும்புக் கதிரையில் நித்திரை கொண்டிருக்கிறார்கள். என் பேச்சைக் கேட்க வரவில்லை என்பது தெளிவாயிற்று. பின்னே எதற்காக வந்தார்கள் என்பது எனக்கு விளங்க எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம் வரவேண்டியிருந்தது.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நான் தனியாகத்தான் புறப்பட்டு வந்திருந்தேன். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் அவளுடைய தமக்கை வீட்டில் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்ட விசா ஒருவழியாகக் கிடைத்தது. தை மாதத்தில் வருகிறார்கள் என்று நான் சபையில் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஆராதனை முடிந்ததும், எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தரும் அக்கா என்னிடம் வந்தார். ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பாஸ்டர், வீட்டில என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்கு, அக்கா."

"உந்த எல்லாம் எண்டது என்ன?"

அக்கா அன்றைக்கே கணவரையும் கூட்டிக்கொண்டு வோபர்னில் இருந்த என் அப்பாட்மென்றுக்கு வந்துவிட்டார். அங்கே ஒரு கட்டில், ஒரு கேத்தில், சுவர் முழுக்க இறையியல் புத்தகங்கள். அக்கா நேரே சமையலறைக்குப் போய் பிரிஜ்ஜைத் திறந்தார். அரைப் பாண், பக்கத்தில் திருவிருந்துக்கு வாங்கி வைத்த திராட்சை ரசப் போத்தல். வேறு ஒன்றும் இல்லை.

"இஞ்ச வந்து பாருங்கோப்பா," என்று கணவரைக் கூப்பிட்டார். "அப்பமும் ரசமும். உவர் கர்த்தருடைய பந்தியை மட்டும்தான் வச்சிருக்கிறார்."

போகும்போது வீட்டின் இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. என் ஒரே சூட்டை உலர்சலவைக்குக் கொடுத்தேன். விமான நிலையத்தில் மனைவி பிள்ளைகளைக் கண்டவுடன் சொல்ல ஒரு நன்றி ஜெபத்தை எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்தேன். அவர்கள் வருவதற்கு முந்திய ஞாயிறு, எப்போதும் ஆயத்தமாயிருப்பதைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கமும் செய்தேன். அதில் நானே உருகிப்போனேன்.

அவர்கள் வரும் நாளில் ஒஷாவா அண்ணை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வானோடு வந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெருந்தெருவில் ஏறியதும் அவர் கேட்டார்.

"கோட்டுகள் எடுத்தனீங்களோ, பாஸ்டர்?"

"போட்டிருக்கிறன், அண்ணை."

"உங்கட இல்லை. அவையளுக்கு."

கொழும்பில் பருத்திச் சட்டையோடு விமானம் ஏறிய மூன்று பேர் இந்தப் பனிக்குள் இறங்கப் போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனப்பாடம் செய்த ஜெபம் பாதி மறந்துபோயிற்று. நான் சூட்டின் பொத்தான்களைக் கழற்றுவதைப் பார்த்து, "உங்கட உடுப்பை ஆருக்கெண்டு பங்கு வைக்கப் போறியள்? பொறுங்கோ," என்றார் அண்ணை.

வருகை வாசலில் என் சபையின் பாதிப்பேர் நின்றார்கள். வேலைநாள் அது. சிலர் தொழிற்சாலை உடுப்போடே வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் கோட்டு, தொப்பி, கம்பளிக் கையுறை, பனிச் சப்பாத்து. அக்காவின் இரண்டு தோளிலும் தொங்கியவற்றைப் பார்த்தால் அங்கேயே கடை போட வந்தவர் போல இருந்தது.

"பிள்ளையளுக்கு ஏன் இவ்வளவு பெரிசு, அக்கா? அதுகள் சின்னனுகள். சின்னவள் இவ்வளவு உயரம்தான்," என்று என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"பிள்ளையள் வளருமெல்லோ, பாஸ்டர்," என்றார் அக்கா.

கதவு திறந்து திறந்து மூடியது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் கால்விரலில் எழும்பி, வருகிறவர்களின் பின்னால், தாயின் சேலையைப் பிடித்தபடி நடந்து வரும் இரண்டு சிறுமிகளைத் தேடினேன். அக்கா என் முழங்கையில் தட்டினார்.

"உது உங்கட மனிசிதானே? படத்தில பாத்த முகம்."

நேர் எதிரே மனைவி நின்றாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் என் தோள் உயரத்துக்கு ஒரு பெண்பிள்ளை, அவளைவிடச் சற்றுக் குறைவாக இன்னொருத்தி. மூத்தவள் என்னைப் பார்த்து, சந்தேகத்தோடு, "அப்பா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். ஜெபமும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. சபையின் முன்னால், அந்த விமான நிலையத்தின் நடுவில், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். யாரோ கையில் ஒன்றைத் திணித்தார்கள். முகத்தைத் துடைத்த பிறகுதான் அது குழந்தைத் தொப்பி என்று கண்டேன்.

அதற்குள் சபைப் பெண்கள் அவர்கள் மூன்று பேரையும் சூழ்ந்து, போட்டுப் பார்த்து, கழற்றி, வேறொன்றைப் போட்டு, பொத்தான் பூட்டி முடித்துவிட்டார்கள். மூத்தவளுக்குக் கிடைத்த கோட்டின் கழுத்துப் பட்டியில் வேறொரு பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரால் ஒரு கிழமை கூப்பிட்டாவாம். கனடாவுக்கு வந்தால் புதுப் பெயர் வைப்பார்களாக்கும் என்று இவளும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது நான் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று இலக்கத்தைப் பார்த்தேன். யன்னலுக்குத் திரை. பிள்ளைகளின் அறையில் இரண்டு கட்டில், புதுப் போர்வை. அடுப்பில் சோறும் கோழிக்கறியும் சூடாக இருந்தன. மனைவி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்கள் இவ்வளவு ஒழுங்கா எல்லாம் வச்சிருப்பியள் எண்டு நான் நினைக்கவேயில்லை."

உண்மையைச் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். அக்கா முந்திக்கொண்டார். "ஓம், தங்கச்சி. பாஸ்டர் நல்லாக் கஷ்டப்பட்டவர்." முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அண்ணைதான் சிரிப்பை அடக்க முடியாமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னோடு பதின்மூன்று வருடம் குடும்பம் நடத்திய மனைவிக்கு உண்மை விளங்க அது போதுமாயிருந்தது.

அடுத்த ஞாயிறு சபைக்கு நன்றி சொல்ல எழுந்தேன். மூன்று பகுதிகளாக ஆயத்தம் செய்திருந்தேன். முதல் பகுதியின் முதல் வசனத்தையே மூன்று தரம் தொடங்கினேன்; முடிக்க வரவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இவர் தனிய இருக்கிறார் எண்டு ஒவ்வொரு நாளும் அழுதனான். அது வீண். இவர் தனிய இருக்கேல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். மண்டபத்தில் ஒருவரும் நித்திரையில் இல்லை. மீதி இரண்டு பகுதிகளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாட்டு எண்ணைச் சொன்னேன்.